நிலுவை

தம்பிக்குக் கிடைத்த இஜாஸா
நாற்பத்தெட்டு மணி நேரம்.
முகாமின் நீல முத்திரை, மடித்து மடித்துக் கிழிந்த தாள்.
சிப்பாய்களுக்கு அந்தச் சொல் விடுப்பு, அவ்வளவுதான்.
அதற்குள் அலெப்போ வந்து
வீட்டில் என் பங்கையும் சேர்த்து விற்றுவிட்டு
எல்லை தாண்டிவிட்டான்.

எனக்கும் ஓர் இஜாஸா உண்டு, சட்டம் போட்டது:
பல்கலைக்கழகப் பட்டம், வரலாறு, தரம் "நல்லது".
அதைப் பார்த்துத்தான் கையெழுத்துப் பிரதிக் காப்பகத்தில்
பசைக் கிண்ணமும் தூரிகையும் தந்தார்கள்.

அன்று காலை மேசையில் பூச்சி தின்ற ஓர் ஏடு.
மெழுகுவர்த்தி வணிகர் மகள் ஸித்துன் நஃபீஸ்
தான் கேட்ட நபிமொழிகளை எல்லாம்
எடுத்துச் சொல்ல இஜாஸா தருகிறாள்
இன்னார், இன்னார், இன்னாருக்கு.
ஓரத்தில் வேறு மையில் கடைசிப் பெயர்:
"பல் முளைக்காத யூனுஸ்."

பால் மணக்கும் வாய்க்கு
ஒருத்தி தன் வாயை எழுதிவைத்திருக்கிறாள்.
எழுநூறு ஆண்டுக் கிழிசலில் கஞ்சிப்பசை தடவினேன்.

வக்கீல் ருஷ்தி சொன்னார்:
"உடையவள் அறியாமல் விற்றது
செல்லும் என்றும் இல்லை, செல்லாது என்றும் இல்லை.
உன் இஜாஸா வரும்வரை அந்தரத்தில் தொங்கும்.
இங்கே மௌனம் சம்மதம் ஆகாது. யோசித்துப் பேசு."

மறுக்கத்தான் போனேன்,
சொல்லை ஆலிவ் கொட்டைபோல் கன்னத்தில் அடக்கிக்கொண்டு.

கதவைத் திறந்தவள் குஸூன்.
ரக்காவிலிருந்து வந்தவர்கள். இடுப்பில் குழந்தை.
குண்டு தின்ற சுவரில் புதுச் சுண்ணாம்பு காயவில்லை.
அப்பாவின் நாரத்தை மரத்தில்
அவர்களுடைய துணிகள், பெரியதும் சிறியதுமாக.

"தாகம்" என்றேன். வேறெதுவும் வரவில்லை.

பாதி குடித்த பிறகே நினைவு வந்தது:
பழைய அகராதிகளில்
பட்டத்துக்கும் விடுப்புக்கும் வழக்குக்கும் அடியில்
இன்னொரு பொருள் கிடக்கிறது,
வழிப்போக்கன் தன் ஒட்டகத்துக்குக் கேட்கும் நீர்.
கடந்துபோக ஒரு மிடறு.

குழந்தை குவளைக்குக் கை நீட்டியது.
மிச்சத்தைக் கொடுத்தேன்.

"என்ன சொன்னாய்?" என்றார் ருஷ்தி.
ஒன்றும் சொல்லவில்லை.
"எதையாவது வாங்கினாயா, கொடுத்தாயா?
செயலையும் இஜாஸா என்று வாதிடுவார்கள்."

"தண்ணீர்" என்றேன்.

பேனாவை மூடாமல்
அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.