ஆறாவது இதழ்

பன்னிரண்டாவது கொண்டை ஊசி வளைவில்
நான் பாலிதீன் பைக்குள் குனிந்திருந்தேன்.
தாவரவியல் இரண்டாம் ஆண்டு, நாற்பத்தியொரு பேர்,
ஒரு வாடகைப் பஸ்.
ஏற்காட்டில் காப்பி பூத்த அந்த ஒரு நாளை
கண்ணை மூடியபடியே போய்
கண்ணை மூடியபடியே திரும்பினேன்.

ஆகவே
ஹாஸ்டலில் சீனியரின் ரெக்கார்டு நோட்டை வாங்கி
காப்பிப் பூவைக் காப்பியடித்தேன்.
ஆறு இதழ். நிழலுக்கு ஊசிப் புள்ளிகள்.
சிவப்பு மையில் கையெழுத்து விழுந்தது,
வெளித்தேர்வரும் போட்டார்.
பத்துக்குப் பத்து.

மூன்று வருடம் கழித்து ஜெசிந்தா கூப்பிட்டாள்.
வாழவந்திப் பக்கம் ஓர் எஸ்டேட்டில்
காய்த்துளைப்பான் வண்டுக்குப் பொறி கட்டி
செத்ததை எண்ணிச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தாள்.
மழை பெய்து ஒன்பதாம் நாள். சரிவெல்லாம் வெள்ளை.
ஒரு பூவைக் கிள்ளினேன். ஐந்து.
இன்னொன்று. ஐந்து.
நாற்பது பூ எண்ணினேன், தேனீக்கள் வழிவிட.
"என் ரெக்கார்டுலயும் ஆறுதான்டி" என்றாள்,
பிறந்ததிலிருந்து இந்தப் பூவுக்குள்ளேயே நடந்தவள்.

எந்த வருடத்து அக்காவோ
தூக்கக் கலக்கத்தில் கூடுதலாகப் போட்ட ஓர் இதழ்
பேட்ச் பேட்சாக இறங்கி வந்திருக்கிறது,
மரபணுவில் ஓர் எழுத்துப் பிசகியது போல.
தீங்கில்லை. அதனால் யாரும் களையவில்லை.

"டாக்டருக்குக் கிடைக்கலையா?"
பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டார்கள்,
அம்மாப்பேட்டை ரேஷன் கடை வரிசையிலும் கேட்டார்கள்.
இல்லை. நாலரை மார்க்.
பக்கத்து ஹால் விலங்கியல் சென்றாயனுக்கு ஒன்பது.
அவன் நாமக்கல்லில் ஓர் இருட்டறையில்
முட்டைகளை விளக்கில் காட்டி
சிவப்பு நூல் துடிக்கிறதா என்று பார்க்கிறான்.
நிலோஃபர் அஸ்தம்பட்டிக் கருத்தரிப்பு மையத்தில்
மூன்றாம் நாள் கருவில் எட்டு செல் எண்ணுகிறாள்;
வீட்டில் அவள் வேலையை
யாரும் முழுதாகக் கேட்டு முடித்ததில்லை.
யுவராஜ் பேங்க்கில் சேர்ந்து இப்போது மேனேஜர்.
கிளையைப் பற்றித்தானே படிச்சோம், என்கிறான்.

நான் அயோத்தியாப்பட்டணம் தாண்டி ஒரு சேகோ ஆலையில்.
புளித்த கிழங்கு வாசம் தலையில் குடியேறிவிட்டது,
எந்த ஷாம்பூவுக்கும் இறங்குவதில்லை.
வேலை சின்னது:
கண்ணாடித் துண்டு, ஒரு சிட்டிகை மாவு,
ஒரு சொட்டு நீர், ஓரத்தில் அயோடின்.
குச்சிக்கிழங்கின் மணி உருண்டை,
ஒரு பக்கம் மட்டும் சீவினாற்போல் இருக்கும்.
மக்காச்சோளம் மூலை மூலையாக இருக்கும்,
நடுவில் நட்சத்திரமாய் ஒரு விரிசல்.

நேற்று இரண்டும் இருந்தன.

"போன மாச ரிப்போர்ட்டப் பாத்து அப்படியே எழுதிடும்மா."
மேனேஜர் கெட்டவரில்லை.
தீபாவளி போனஸை ஒருமுறையும் தள்ளிப்போட்டதில்லை,
என் தங்கை கல்யாணத்துக்கு மொய் எழுதியவர்.
போன மாதத் தாளையும் அவரே எடுத்து
என் இடதுபக்கம் வைத்தார்,
பார்த்து எழுத வசதியாக.

எனக்கென்ன, பழகிய கைதான்.
பத்துக்குப் பத்து வாங்கிய கை.

திரும்பக் குனிந்தேன்.
இந்த முறை குமட்டவில்லை.
பென்சிலைச் சீவி, வட்டம் போட்டு,
வட்டத்துக்குள் கண்ணில் பட்டதைப் பட்டபடி வைத்தேன்,
மூலைகளோடு, விரிசல்களோடு.
கீழே எண்ணிக்கை: நூற்றுக்குப் பதினேழு.

அவர் வாங்கிப் படித்தார்.
நாலாக மடித்து டிராயரில் போட்டுப் பூட்டினார்.
ஒன்றும் சொல்லவில்லை.
நான் கிளம்பும்போது லாரி
தார்ப்பாய் கட்டாமல் நின்றிருந்தது.
காலையில் இருக்குமா, தெரியாது.
எனக்கு நாற்காலி இருக்குமா, அதுவும்.

ஆறேகால் டவுன் பஸ்.
இலவசச் சீட்டுக்கு நீட்டிய விரல் நுனியில்
கழுவியும் போகாத நீலக் கறுப்பு.

கண்டக்டர் உற்றுப் பார்த்தார்.
"இப்ப எங்கம்மா எலெக்‌ஷன்?"