செவ்வாய்க்கிழமைச் சத்தம்

இந்த வண்டியில்
சும்மா உட்கார்ந்து வர முடியாது.
சக்கரம் சுற்றினால் பெடல் சுற்றும்,
பெடல் சுற்றினால் கால்.
இறக்கத்திலும் கால்.
தும்மும்போதும் கால்.

செவ்வாய் இரவு ஒன்பதுக்கு
கௌனஸ் நகரமன்றச் சதுக்கத்தில் கூடுவோம்.
ஒன்பது என்றால் ஒன்பதேகால்.
பல்செட் செய்யும் எய்மன்தஸ்,
டிராலிபஸ் ஓட்டும் யோகிலே,
என்ன வேலை என்று யாரும் கேட்டிராத வைதோதஸ்,
ஸ்கைஸ்தே, நான்,
வந்தாலும் வருவேன் என்கிற ஏழெட்டுப் பேர்.

சண்டை வந்தால் அது பற்களின் கணக்கில்தான்.
முன்னே நாற்பத்தெட்டு, பின்னே பதினாறு போட்டவன்
சறுக்கி நிற்கும்போதெல்லாம்
டயர் ஒரே இடத்தில் தேயும்.
நாற்பத்தேழுக்குப் பதினேழு போடு,
தேய்மானம் பதினேழு இடத்துக்குப் பங்காகும்
என்பான் எய்மன்தஸ்,
அண்ணன் தம்பிக்குள் நிலம் பிரிக்க வந்தவனின் கறாரோடு.

மற்றபடி சத்தமில்லாத கூட்டம்.
ஓயாத காலுக்கு ஓசை கிடையாது.
கல் பாவிய தெருவில் தாடைகள் இடித்துக்கொள்ளும்,
எவனாவது எண்ணெய் போடாத செயின் முனகும்,
அவ்வளவுதான்.
நாய்கள்கூட நாங்கள் கடந்த பிறகுதான்
யோசித்துக் குரைக்கும்.

அக்டோபர் மூன்றாம் செவ்வாய்.
நேமுனஸ் ஆற்றுப் பாலத்தில் கேட்டது:
டிர்ர்ர்ர்ர்.

அக்டோபரில் சிள்வண்டு ஏது?
எல்லோரும் முதலில்
அவரவர் சக்கரத்தைக் குனிந்து பார்த்தோம்.

ஸ்கைஸ்தே.
மூன்று குளிர்காலம் பிரேக் இல்லாமல்
பனியில் ஓட்டியவள்.
பின்சக்கரத்தைத் திருப்பி மாட்டியிருந்தாள்.
ஒரே ஹப், இரண்டு பக்கம்:
இந்தப் பக்கம் பிடித்தால் விடாத பல்,
அந்தப் பக்கம் விட்டுப் பிடிக்கிற பல்.
ஹேண்டில்பாரில் புத்தம் புதிய பிரேக்,
நறுக்காத கேபிள்
பூனை மீசையாக நீட்டிக்கொண்டிருந்தது.

"முட்டி" என்றாள்.
நாளை மழை என்பதுபோல.

'உருட்டுபவன் கோழை' என்று
வைதோதஸின் வண்டிக் குழாயில் ஒரு ஸ்டிக்கர்.
சிக்னலில் நின்றபோது
கழுத்துத் துண்டை அவிழ்த்து
அதன்மேல் சுற்றிக் கட்டினான்.
கழுத்து நடுங்கியது அவனுக்கு.
நான் பார்க்காததுபோல் பார்த்தேன்.

அலெக்சோதாஸ் மேட்டில் வித்தியாசமே இல்லை.
ஏற்றத்தில் எல்லா வண்டியும் ஒரே வண்டி.
மூச்சு மட்டும் ஆளுக்கொரு மாதிரி.

இறக்கம்தான்.
எங்கள் கால்கள் எங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டு
தையல் மெஷின் ஊசிபோல் குதிக்க,
இருக்கையில் எலும்பு துள்ள,
ஒருத்தி மட்டும் எங்கள் நடுவே
இரண்டு பாதங்களும் அசையாமல்
டிர்ர்ர்ர் என்று இறங்கிப் போனாள்.
தலை இடப்பக்கம் திரும்பியிருந்தது.
ஊரைப் பார்த்துக்கொண்டு போகிறாள்!

ஆறு வருடமாக இந்த இறக்கம்.
நான் பார்த்ததெல்லாம்
முன்னால் போகிறவனின் பின்டயர்.

கீழே காத்திருந்தாள்.
"அக்கரையில் ஒரு மணிக்கூண்டு,
பச்சை விளக்கு, கடிகாரம் நின்றுபோயிருக்கிறது.
உங்களுக்குத் தெரியும்தானே?"
தெரியாது.
யோகிலே தெரியும் என்றாள். பொய்.

அன்றிரவு வீட்டில்
என் சக்கரத்தின் மறுபக்கத்தைத் தடவினேன்.
வெறும் மரை. கிரீஸில் ஒட்டிய மயிர்.
வாங்கிய நாளிலிருந்து
அங்கே எதுவும் மாட்டியதில்லை.
கை கழுவிவிட்டுத் தூங்கினேன்.

அடுத்த செவ்வாய்
நடு இறக்கத்தில், யாரிடமும் சொல்லாமல்,
எடையை முன்னே தள்ளிக் கால்களைப் பூட்டி
கறுப்புக் கோடு இழுத்து நின்றான் எய்மன்தஸ்.
பின்னால் வந்த மூன்று பேர் அவனைத் திட்டியபடி
புல்லுக்குள் போனார்கள்.
பதினேழு இடத்தில் ஓரிடம்
நூல் தெரியத் தேய்ந்து, பொத்தல்.

கடிகாரத்தைப் பார்த்துவிட்டான்.
வண்டியை உருட்டிக்கொண்டு வந்து சொன்னான்:
ஓடுகிறது.
பத்து நிமிடம் முந்தி.

"அப்படியா?" என்றாள் ஸ்கைஸ்தே,
பம்ப்பை அவனிடம் நீட்டியபடி.