கயிற்றுச் சுவர்

பிடோங் சந்தைக்குப் பின்னால்
நாற்பதுக்கு எண்பது.
பதிமூன்று வருடம் தவணை கட்டி
போன தீபாவளிக்கு முந்தின வாரம்
கிராண்ட் கைக்கு வந்தது.
அன்றிரவே கணக்கு நோட்டை எடுத்தேன்.
ஒரு கட்டம், ஓர் அடி.

சந்திரமோகனுக்கு முதலில் வேண்டியது
இரண்டு கார் நிற்கும் முகப்பு.
எங்களிடம் இருப்பது ஒரு கப்சாய் மோட்டாரும்
பாதிக் கடன் அடைத்த வேனும்.
"பிறகு எழுப்ப முடியாது, இப்பவே போடு."
போட்டேன். அழித்தேன். மறுபடி போட்டேன்.
தாள் அந்த இடத்தில் மட்டும் மெலிந்து
பின்பக்கத்துப் பெருக்கல் கணக்கு தெரிந்தது.

டர்ஷாயினி தன் அறைக்குத் தாழ்ப்பாள் வரைந்தாள்.
அறையை வரையவில்லை.
தாழ்ப்பாள் மட்டும்.

பிளான் வரையும் ஓங்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
தோட்டத்துக்குச் சாமான் ஏற்றிய லோரியில்
தமிழ் கற்றவர்.
"யார் போட்டது?"
"நான்தான்."
"இது கம்பெனி வீடு லா."

அப்போதுதான் பார்த்தேன்.
முன்னால் கூடம், பத்துக்குப் பன்னிரண்டு.
நேர் பின்னால் அறை, அதன் பின்னால் அடுப்படி,
கடைசியில் குளியலறை.
வாசலில் நின்று கல் எறிந்தால்
எதிலும் படாமல் கொல்லையில் விழும்.
எண்பது அடி இருந்தும்
பென்சில் முப்பத்திரண்டில் நின்றுவிட்டிருந்தது.
இடப்பக்கச் சுவரில் சன்னலே இல்லை.
பிறந்த லயத்திலும் வாழ்க்கைப்பட்ட லயத்திலும்
இடப்பக்கம் அடுத்த வீட்டு இருமல்.
இங்கே காலி மனை.
கைக்கு அதை யாரும் சொல்லவில்லை.

ஓங் சிரிக்கவில்லை.
சிவப்புப் பேனா ஒன்றைத் தந்தார்.
"நாலு சுவரும் உன்னுது.
வேலிக்குப் பத்தடி விட்டுட்டு
எங்க வேணும்னாலும் ஓட்டை போடு."

மூன்று நாள் பேனா மேசையில் கிடந்தது.
அதை வைத்து மளிகைச் சீட்டுகூட எழுதவில்லை.
எங்கு வேண்டுமானாலும் என்பது
கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ரஃபியா கயிறு, இரண்டு உருண்டை.
லாலானை மிதித்து, முளை அடித்து,
மத்தியானத்துக்குள்
கணுக்கால் உயரத்துக்கு வீடு எழுந்தது.
உள்ளே போய் நின்றேன்.
இவ்வளவுதானா என்றிருந்தது.
கட்டிலைப் போட்டால் கதவு திறக்காது போல.
"மேல வானம் இருக்குல்ல, அப்படித்தான் தெரியும்" என்றான்.
அவனுக்கும் சந்தேகம்தான்.
இரண்டு முறை அளந்தான்.

அடுப்படி என்று வைத்துக்கொண்ட இடத்தில்
வெங்காயம் அரிவதுபோலக் கையை நிறுத்தினேன்.
தரையிலிருந்து டேப் பிடித்தான்.
முப்பத்தைந்து அங்குலம்.
நான் இதுவரை குனிந்து சமைத்த மேடையெல்லாம்
முப்பது.
இருபது வருட இடுப்பு வலிக்கு
ஐந்து அங்குலம் என்று பெயர்.

அப்படியே இடப்பக்கம் திரும்பினேன்.
கயிறு. காலி மனை. செம்பனை.
அதற்கும் அப்பால் ஜெராய் மலை,
பாதி மேகத்துக்குள்.
"இங்க."
"நாலு மணி வெயில் மூஞ்சில அடிக்கும்."
"அடிக்கட்டும்."
நீல நெகிழிப் பையைக் கிழித்து
அந்த இடத்தில் கட்டினான்.
இழுத்து இரண்டு முடிச்சு.

மறுநாள் மாலை போனால்
யார் வீட்டு மாடோ கூடத்தில் படுத்திருந்தது.
சுவர் தாண்டி வந்ததா, வாசல் வழியா என்று
டர்ஷாயினி குளம்படி பார்த்தாள்.
முகப்பு வழியாகத்தான்.
"பாத்தீங்களா, ஆவுது" என்றான் சந்திரமோகன்.
மாட்டை விரட்டவும் மனமில்லை அவனுக்கு.

ஓங் எல்லாவற்றையும் பெரிய தாளில் ஏற்றினார்.
கூடுதல் சன்னலுக்கு எண்ணூறு வெள்ளி.
முப்பத்தைந்து அங்குலம் பிளானில் வராதாம்,
கொத்தனாரிடம் சொல்லிக்கொள்ளச் சொன்னார்.
ஓரத்தில் சிவப்பில் எழுதிவைத்தேன்.

கடைசியாக டர்ஷாயினியைக் கூப்பிட்டார்.
"அறை போட்டாச்சு.
தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?"

அவள் என்னைப் பார்த்தாள்.
நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"உள்பக்கம்."