புள்ளி இரண்டு

விடியற்காலை மூன்று மணிக்கு
வாக்கியில் செர்ஜ்மா:
"ஏழாம் வால்வு மறுபடி ஆட ஆரம்பிச்சிருச்சு.
பேனா ரம்பப்பல் வரையுது."

வெளியே மைனஸ் முப்பத்தாறு.
காரா ஆறு அடிவரை இறுகிக் கிடக்கிறது.
அக்கரையில் ஒன்பது மாடிக் குடியிருப்புகளில்
எங்கள் சுடுநீரை நம்பிப்
போர்வைக்கு வெளியே கால் நீட்டித் தூங்குகிறார்கள்.
நாங்கள் இருப்பது அவர்களுக்குத் தெரியாது.
தெரிந்தால் அன்றைக்கு ஏதோ தப்பு.

ஏணியின் உச்சியில் நிற்கிறேன்.
நீராவிக் குழாய்ப் பக்கம் முதுகு வேக,
உடைந்த ஜன்னல் பக்கம் மூக்கு விறைக்க.
பொசிஷனரின் மூடியைக் கழற்றினால்
ஒரு நாசில், ஒரு தகடு, ஒரு ஸ்பிரிங்,
தண்டோடு கைகோத்த ஒரு நெம்புகோல்.
அவ்வளவுதான் ஆள்.
கொஞ்சம் காற்றை விட்டுக் கொஞ்சம் பிடித்து
சொன்ன இடத்துக்கு வந்தாயா, வந்தாயா என்று
தண்டைக் கேட்டுக்கொண்டே இருப்பது பிழைப்பு.

பக்கவழிக் கைச்சக்கரத்தைத் தவாஜாவிடம் கொடுத்தேன்.
"அரைமணிக்கு ஊர் உன் கையில்.
தும்மாதே."

பாதிச் சைகைக்கு, புள்ளி ஆறுக்கு,
நெம்புகோல் தண்டுக்குச் செங்கோணத்தில் நிற்கவேண்டும்.
நின்றது. யோக்கியன்.

அடுத்து பூஜ்யம்.
எங்கள் பூஜ்யம் பூஜ்யமல்ல, புள்ளி இரண்டு.
வால்வு முழுக்க மூடியிருந்தாலும்
குழாயில் அந்தப் புள்ளி இரண்டு இருந்தாகவேண்டும்.
அதுவும் இல்லையென்றால்
மூடியிருக்கிறது என்று பொருளில்லை,
எங்கோ அறுந்திருக்கிறது.
கொரியாவுக்கு வேலைக்குப் போன என் கணவன்
ஞாயிறுதோறும் அனுப்பும் செய்தி, "ம்."
திட்டுவதில்லை.
புள்ளி இரண்டு.

ஒன்றுக்கு ஏற்றினேன்.
நாற்பது மில்லிமீட்டர் எழவேண்டிய தண்டு
முப்பத்தேழில் நின்றது.
வீச்சைத் திருகினேன், நாற்பது.
கீழே வந்தால் பூஜ்யம் இடம்பெயர்ந்திருக்கிறது.
அதைத் திருத்தினால் வீச்சு கலைகிறது.
ஒரே போர்வைக்குள் இரண்டு பேர்,
இவள் இழுத்தால் அவன் கால் வெளியே.
ஐந்தாம் முறை அடங்கினார்கள்.

பிறகுதான் அந்தக் கால்வாசிச் சோதனை.
புள்ளி நான்குக்குப் பத்து வரவேண்டும்.
ஏறும்போது எட்டரை.
இறங்கும்போது பதினொன்றரை.
போகையில் ஒன்றும் வருகையில் ஒன்றும் சொல்கிறவனைப்
பொய்யன் என்று எழுதிவிடலாம்.
எழுதித்தான் இரண்டு பொசிஷனரை மாற்றினோம்.

டார்ச்சைக் கீழே இறக்கினேன்.
தண்டின் கழுத்தில் பேக்கிங் நட்டு.
அக்டோபரில் லுவ்சன்தாஷ்
ஸ்பானரில் இரண்டடிக் குழாயை மாட்டி இறுக்கியது.
துளி ஆவி வராது என்று மார்தட்டினார்.
வரவில்லை.
தண்டும் வரவில்லை.
காற்று ஏறும், ஏறும், ஏறும்,
பிடி விட்டதும் தாண்டிக் குதிக்கும்,
இழுத்தால் மறுபக்கம் சிக்கும்.
ராத்திரி முழுக்க இதுதான் நடந்திருக்கிறது.

கால் சுற்று தளர்த்தினேன்.
யோசித்து, இன்னும் அரைக்கால்.
தண்டோரம் நூலாக ஒரு வெள்ளாவி எழுந்தது.
எழட்டும்.
ஏறும்போது பத்துக்கு ஒரு மயிரிழை குறைய,
இறங்கும்போது பத்து.

பக்கவழியை மெல்ல மூடச் சொன்னேன்.
தவாஜாவ் அப்போதுதான் தும்மினான்.

"என்ன பண்ணினே?" என்றாள் செர்ஜ்மா.
"கோடு நேரா போகுது.
பேனா சிக்கிடுச்சோன்னு தட்டிப் பார்த்தேன்."

பதிவேட்டில்:
மூன்று ஐம்பத்திரண்டு. பூஜ்யம் புள்ளி இரண்டு.
வீச்சு நாற்பது. பேக்கிங் தளர்த்தப்பட்டது.
சிறு கசிவு உண்டு. இறுக்க வேண்டாம்.
கடைசி இரண்டு வார்த்தைக்கு இரட்டை அடிக்கோடு.

எட்டு மணிக்கு லுவ்சன்தாஷ் வருவார்.
பதிவேட்டைப் பார்க்கமாட்டார், கசிவைப் பார்ப்பார்.

கொதிகலனுக்குப் பின்னால் தேடி
அந்த இரண்டடிக் குழாயைக் கண்டெடுத்து
என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.