ஏழெட்டு மணி நேரம்

பதினெட்டு வருடம், பதினோரு நாள்,
அதற்கு மேல் ஒரு ஏழெட்டு மணி நேரம்.
ஒரு கிரகணம் தன் அடுத்த முறைக்கு வர
அவ்வளவு ஆகும், புஷ்பம்.
வருடமும் நாளும் கிடக்கட்டும்,
அந்த ஏழெட்டு மணி நேரம்தான் வம்பு.
ஒரு ட்யூட்டி நேரம்.
அதற்குள் பூமி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு
திரும்பிவிடுகிறது.
வந்தது வேறு யார் தலைக்கு மேலோ நிற்கிறது.

இரண்டாயிரத்து ஒன்று, ஜூலை ஐந்து.
கோலிவாடாவில், தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரை
நீ துடைப்பக்கட்டையால் எக்கித் தள்ள,
நான் நனைந்து கத்த,
மேகம் ஒரு கை அகலம் விலகியது.
கடிபட்டேதான் உதித்திருந்தது நிலா.
பாதிக்கு ஒரு நூல் குறைவு என்று
மறுநாள் பேப்பரில் போட்டிருந்தான்.
இப்போது எதுவும் தின்னக்கூடாது என்றாள்
கீழ்வீட்டு ஷெவந்தாபாய்.
வாய் நிறைய வடாபாவோடு
தலையாட்டினோம்.

இன்று அதே கிரகணம்,
வயது பதினெட்டு கூடி.
இம்முறை அறுபத்தைந்து சதவீதம்.
முதல் வகுப்பு.
மணி மூன்று. குர்லாவில் காலி வண்டி.
கடைசிப் பெட்டியில் நான், விசில், டார்ச்,
இரண்டு கொடி.
நாற்பத்திரண்டு நாளுக்கு ஒருமுறை
இதே வண்டி எனக்கு வரும்.
வண்டி அதேதான்;
ஏறுகிறவர்கள்தான் யாரோ.

பன்வேலில் நீ விழித்திருக்கிறாயோ என்னவோ.
பேச்சு நின்று ஆறு வருடம்.
பத்துக்குப் பன்னிரண்டு அடி, மூலையில் ஒரு மோரி,
அதை யார் பேரில் எழுதுவது என்று.
நிலாவில் விழுவது மொத்தப் பூமியின் நிழல்.
அதில் உன் பங்கு எது, என் பங்கு எது என்று
எந்த வக்கீல் அளந்து கொடுப்பான்?

அடுத்தது முப்பத்தேழில்.
ஜூலை இருபத்தேழு, காலை ஒன்பதரை தாண்டி.
எனக்கு இன்னும் இரண்டு வருட சர்வீஸ் இருக்கும்.
மான்குர்டில் ஜனம் வாசலில் தொங்கும்.
நம் காலுக்குக் கீழே,
உலகத்தின் அந்தப் பக்கத்தில்,
எண்பத்தொரு சதவீதத்தை
யாரோ இரண்டு பேர் அண்ணாந்து பார்ப்பார்கள்.
நமக்கு வெயில். இல்லையென்றால் மழை.
அதற்கடுத்ததிலும் ஒரு நகக்கண் பாக்கி.
முழுசாக மறைவது எழுபத்து மூன்றில்,
மறுபடி மும்பைக்கு மேலே,
ராத்திரி பதினொரு மணிக்கு.
எனக்குத் தொண்ணூற்று நாலு.
உனக்கு எவ்வளவு என்று
கூட்ட ஆரம்பித்து, விட்டுவிட்டேன்.

மூன்றே முக்கால். மேகம் மூடிக்கொண்டது.
நான் இரண்டு மணி அடித்தேன்.
முன்னாலிருந்து சாவந்த் இரண்டு அடித்தார்.

பன்வேல் சேரும்போது நாலரை தாண்டிவிடும்.
நிழல் அதற்குள் விலகியிருக்கும்.
பால் பாக்கெட் எடுக்க நீ கதவைத் திறக்கும் நேரம்.
சாவி என் பையில்தான் இருக்கிறது,
டார்ச்சோடு உரசிக்கொண்டு.