கத்தரிப்பூ நிற மருந்து

பதினேழு நாளாக மழை.
சிலோயே தீவில் இதற்குப் பெயர் குளிர்காலம்,
வேறு விளக்கம் கிடையாது.
தகரக் கூரைக்குக் கீழே ஒன்பது கோழிகள்,
நீல முட்டை இடுகிறவை,
சேற்றுக்கும் சலிப்புக்கும் நடுவே
ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டிருந்தன.

முதலில் ஓர் இறகு போனது,
வால் தொடங்கும் இடத்தில், சாம்பல் நிறத்தவளிடம்.
உதிர்கிற காலம் என்று நினைத்தேன்.
பிறகு நாணய அளவுக்குத் தோல் தெரிந்தது.
பிறகு உள்ளங்கை அளவு.
தீனித் தொட்டிக்கு அவள் கடைசியாக வருவதையும்
வந்த வேகத்தில் திரும்புவதையும்
பார்த்திருக்கிறேன்.
பார்த்தேன் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

புதன்கிழமை ரத்தம்.
கோழிக்குச் சிவப்பு என்றால் அழைப்பு.
ஒருத்தி கொத்தினால் எல்லோரும் கொத்துவார்கள்;
பகைகூட வேண்டாம்,
நிறம் போதும்.

அவளைத் தூக்கிவந்து
அடுப்போரம் உருளைக்கிழங்குக் கூடையில் வைத்தேன்.
சிவப்பு தெரியாதிருக்க
கத்தரிப்பூ நிற மருந்தைத் தடவினேன்.
என் விரல்களிலும் ஏறிக்கொண்டது.
ஐந்து நாளில் தோல் மூடியது. திருப்பி விட்டேன்.
மாலைக்குள் முன்னைவிட மோசம்.
புண் மூடுவதற்குள்
அங்கே அவள் இடமும் மூடிப்போயிருந்தது.
சொந்தக் கூட்டில் வெளியூர்க்காரி.

சால்மன் ஆலையில்
முள் பிடுங்கும் வரிசையில் எனக்கு எதிரே நிற்பவள்
என் விரல்களைப் பார்த்தாள்.
"கோழியா?"
மிர்லாந்த். ஹைட்டியிலிருந்து வந்தவள்.
அவள் பேசுவதை நாங்கள் கழிவறையில்
பேசிக்காட்டிச் சிரிப்போம்.
தொடங்கியது ரொசால்பா, அச்சு அசலாகச் செய்வாள்.
நான் ஒருநாளும் தொடங்கியதில்லை.
"அடிபட்டவளை எடுக்காதே," என்றாள் மிர்லாந்த்,
இடுக்கியையும் கண்ணையும் மீனிலிருந்து எடுக்காமல்.
"அடிக்கிறவளை எடு."
அந்த வாக்கியத்தில்
ஒரு பிழையும் இல்லை.

ஞாயிறு முழுக்க
வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து எண்ணினேன்.
சந்தேகம் பெரிய கறுப்பியின் மேல்.
அவள் இல்லை.
செம்பட்டை. காதோரம் குஞ்சம் வைத்த அழகி,
என் கையிலிருந்து சோளம் தின்கிறவள்.
சாம்பல்காரியின் பின்னால் நின்று இறகைப் பிடுங்கி,
தின்றுவிட்டு,
பலகையில் அலகைத் துடைத்துக்கொண்டாள்.
பிறகு என்னிடம் ஓடிவந்தாள், சோளம் கேட்டு.

அவளை விறகுக் கொட்டகையில் தனியாக அடைத்தேன்,
மற்றவர் கண்ணில் படாமல்.
மிச்சம் பேருக்கு முட்டைக்கோஸைக் கயிற்றில் கட்டி
எட்டிக் கொத்தும் உயரத்தில் தொங்கவிட்டேன்.
ஆலையிலிருந்து மீன்தலை கொண்டுவந்து வேகவைத்தேன்.
பழைய படகுப் பாயை இழுத்துக் கட்டியதில்
இன்னும் மூன்றடி காய்ந்த தரை கிடைத்தது.
குறை கோழியிடம் இல்லை, இடத்தில்தான்
என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருந்தது.
பாதி உண்மை.

எட்டாம் நாள் செம்பட்டையைத் திருப்பி விட்டேன்.
வாசலில் நின்றாள்.
யாரும் வழி விலகவில்லை.
சாம்பல்காரி வந்தாள்,
முதுகில் புது இறகுகள் ஊசி ஊசியாக,
உள்ளே ரத்தம் ஓடும் குருத்து,
காற்றுப் பட்டாலே நோகும்.
நேராகப் போய் அவள் தலையில் கொத்தினாள்.
மறுபடியும்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
"போடு!" என்றேன், வாய்விட்டு.
மூன்றாவதில் கொண்டை கிழிந்தது.

அதே புட்டி.
அதே விரல்கள்.

திங்கள், ஐந்து மணிப் பேருந்து.
பின் இருக்கையிலிருந்து ரொசால்பா ஆரம்பித்தாள்,
மூக்கால் பேசும் அந்தக் குரலில்.
வழக்கமாகச் சிரிக்கும் இடம் வந்தபோது
நான் ஜன்னலின் ஆவியைத் துடைத்தேன்.
அவ்வளவுதான் செய்தேன்.
மிர்லாந்த் இரண்டு இருக்கை முன்னால்.
திரும்பவில்லை.
அவள் கழுத்து கேட்டுக்கொண்டிருந்தது.