நாலு விரல்

எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேரும்போது
அதற்குச் சத்தமே இருக்காது.
மேலே எத்தனை மதகு, எத்தனை ஷட்டர்,
எத்தனை டீசல் இன்ஜின் குடித்த மிச்சம்,
தலைஞாயிறுக்குத் தெற்கே
வெங்காயத்தாமரையை விலக்கிக்கொண்டு
கடன் கேட்க வந்த உறவுக்காரன் போல
ஓரமாக நுழையும்.

நான் பிறந்தது பாபநாசம் பக்கம்.
இங்கிருந்து பார்த்தால் அது தலைமடை.
அப்பா வாய்மடையைத் திறந்துவிட்டுச் சீட்டாடப் போவார்.
வரப்பு வழிந்து, பாதை வழிந்து,
கோயில் வாசலில் வந்து நிற்கும் தண்ணீர்.
அதை அதிகம் என்று ஒருவரும் சொன்னதில்லை.
பந்தியில் சாம்பார் வாளி வரும்போது
இலைக்கு மேல் இரண்டு கையையும் விரித்தால்
விரலிடுக்கில் ஊற்றுகிற ஊர்.
போதும் என்றால்
என்ன கோபம் என்பார்கள்.

கட்டிக்கொடுத்தது இங்கே.
வந்த வருஷமே நாற்றங்காலில் வெடிப்பு,
கையை விட்டேன், மணிக்கட்டு வரை போனது.
அன்றைக்கு மேல்மடைக்காரர்களை
ஒருவர் விடாமல் ஏசினேன்,
அப்பாவையும் சேர்த்து.

அதனால் எளிமை எனக்குத் தெரிந்த சங்கதி
என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.
ஆளுக்கு ஒரு தட்டு, ஒரு டம்ளர்.
கல்யாண வீடுகளில் கொடுத்த டிபன் பாக்ஸ் பதினேழும்
சத்துணவுக்கூடத்துக்குப் போனது.
இலவச கிரைண்டரை நாத்தனார் தலையில் கட்டினேன்.
பரண் வெறிச்சென்று ஆனது.
பார்த்தவர்கள் குரலைத் தாழ்த்தி
"எல்லாத்தையும் வித்துட்டியளா?" என்றார்கள்.
என் வீட்டுக்காரருக்கு அது பொறுக்கவில்லை.
மறுவாரமே ஒரு குக்கரோடு வந்தார்.
இரண்டு பேருக்கு, ஐந்து லிட்டர்.

எனக்கென்னவோ உள்ளுக்குள் பெருமைதான்.
வெறும் பரணை அண்ணாந்து பார்த்தபடி
இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டிருக்கிறேன்.

போன புரட்டாசியில்
முறைத்தண்ணீர் எங்களுக்கு வந்தது ராத்திரி ஒரு மணிக்கு.
அவருக்குக் காய்ச்சல். டார்ச்சும் மண்வெட்டியுமாக நான் போனேன்.
பயிருக்கு நாலு விரல் நின்றால் போதும்.
வாயை அடைத்துவிட்டு
செங்கமலத்தின் வயலுக்குத் திருப்ப வேண்டும்.
அவளுக்குக் கீழே வயல் கிடையாது.
அதற்கப்புறம் உவர்மண்,
அதற்கப்புறம் கடல்.

நாலு விரல் வந்தது. கையை விட்டு அளந்தேன்.
மண்வெட்டியை ஓங்கினேன்.
ஓங்கிய கை அப்படியே நின்றது.

பரணில் கிடந்ததைக் கொடுத்தது வேறு,
அது எனக்கு வேண்டாதது.
இது வேண்டும்.
நாளைக்கே ஷட்டரை இறக்கிவிடலாம்.
மழை பொய்க்கலாம்.
இன்னும் ஒரே ஒரு விரல்.
தவளைகள் எதையோ எண்ணிக்கொண்டிருந்தன,
நான் எண்ணவில்லை.

ஏழு விரலில் அடைத்தேன்.
ஒரு பிடி கோரை, மூன்று வெட்டு மண்.
அவ்வளவுதான் வேலை, சின்னப் பிள்ளை செய்யும்.
அந்த மூன்று வெட்டுக்கு எனக்கு
ஒன்றரை மணி நேரம் பிடித்தது.

விடிந்ததும் செங்கமலம் வந்தாள்.
அவள் வயலில் நடுமேடு நனையவில்லை.
ஒன்றும் கேட்கவில்லை.
என் வரப்பில் ஈரம் ஏறி நின்ற கோட்டைப் பார்த்தாள்,
அப்புறம் என்னை.
அப்புறம்,
"அண்ணனுக்குக் காய்ச்சல் விட்டுட்டா?" என்றாள்.

வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தேன்.
பரண் தலைக்கு மேல் காலியாக இருந்தது.
அண்ணாந்து பார்க்கவில்லை.

அடுத்த முறைக்கு ஒன்பது நாள் இருக்கிறது.
மூங்கில் குச்சியில் நாலு விரலுக்குச் சிவப்பு நூல் சுற்றி
வாய்மடை ஓரம் நட்டிருக்கிறேன்.
நூல் நனைந்தால் அடைத்துவிட வேண்டும்.
நூலை அவிழ்த்து மேலே தள்ளியும் கட்டலாம்
என்பது
எனக்கும் அந்தக் குச்சிக்கும் தெரியும்.
செங்கமலத்துக்கும் தெரிந்திருக்கும்.